கட்டை அச்சும் ஆடும் அச்சும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது எங்கள் திருப்புட்குழி. சடாயு என்னும் புள்ளரசனுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இது என்பது தலவரலாறு. ஊரின் பெயரும் அதனையே சொல்லுகிறது. இங்கே எழுந்தருளியிருக்கும் விசயராகவப் பெருமாளுக்கு மரத்தாலான குதிரை வாகனம் ஒன்று உண்டு. அதனைக் கீல்குதிரை என்பர். உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கிக் கீல்களால் பூட்டி வைத்திருக்கிறான் அதனைச் செய்த தச்சன். ஆகையால் தோளில் ஏற்றித் தூக்கிச் செல்லும்போது அக்குதிரை உயிருள்ள குதிரையைப் போலவே அசையும். சிறுவனாக இருந்தபோது நான் பெருமாளை மறந்து குதிரையின் மூட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றதுண்டு. மரத்திற்கு அசைவு தருவது கீல் என்பது அன்றே விளங்கிவிட்டது. ஆனால், கீல் இருந்தால் மட்டும் போதாது, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பெரிது என்னும் உண்மை எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. அதனை விளக்கியது குதிரையன்று; மோட்டார்க் கார்.

மாணவ நண்பர்களே, பழைய போட்டிக் கார்களின் சக்கரங்கள் எவ்வாறு பூட்டப்பட்டிருந்தன, இக்காலக் கார்களில் அவை எவ்வாறு பூட்டப்படுகின்றன என்பதை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். மெக்கானிக்குகள் இதனைச் சஸ்பென்ஷன் என்பார்கள். நாம் வில்லமைப்பு என்று சொல்லலாம். இதனைச் சொல்லுவதற்கு என்னிடம் மற்றொரு காரணமும் உண்டு. முன்னொரு நாள் இப்பொருளைப் பற்றி ஒரு மாணவன் என்னைக் கேள்வி கேட்டான். நான் தவறான விடை தந்தேன். அந்த விடையை இன்று திருத்தியாக வேண்டும்.

முதலில் நம் ஊர் மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சுமை ஏற்றும் கட்டை வண்டியில் அச்சின்மேல் நேராகப் பார் அமர்ந்திருக்கும். சக்கரம் கல்லின்மேல் ஏறினால் வண்டியும் ஏறும். வண்டியில் இருப்பவன் முதுகெலும்பும் ஏறும். செல்வர் வீட்டு வண்டி அப்படியன்று. அச்சிற்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்த வில் இருக்கும். அதனால்தான் அதற்கு வில்வண்டி என்று பெயர். என் பாட்டனார் காலத்து வில்வண்டி ஒன்றில் நான் காஞ்சிபுரத்திற்குச் சென்றதுண்டு. கட்டை வண்டியில் போனவன் வில்வண்டியில் ஏறினால், சாலையையே யாரோ செப்பனிட்டுவிட்டார்கள் என்று நினைப்பான். சாலை அதே சாலைதான்.

வில் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு எதிர்விசை தரும் என்னும் விதியை 1678-இல் இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் வெளியிட்டார். 1804-இல் இலண்டன் வண்டித் தச்சரான ஒபதையா எலியட் என்பவர் இரு பட்டைவிற்களை எதிரெதிரே வைத்து முட்டை வடிவில் பூட்டி, அவற்றின்மேல் வண்டிப் பெட்டியைத் தாங்கவைக்க உரிமம் பெற்றார். நம் சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்றது. பின்னர் அதே நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கும் உடல் கட்டியது. உலகெங்கும் நடந்தது இதுவே. குதிரை போய் எஞ்சின் வந்தது. அச்சும் பட்டைவில்லும் போகவில்லை. வண்டித் தச்சனின் கைச்சரக்கு அப்படியே மோட்டார்க் காருக்கு மாறியது.

இப்பொழுது பழைய போட்டிக் காரிடம் வருவோம். ‘விண்டேஜ்’ என்னும் சொல்லை இன்று பழைய கார் எதற்கும் வழங்குகிறார்கள். 1934-இல் இங்கிலாந்தில் தோன்றிய விண்டேஜ் போட்டிக் கார்ச் சங்கத்தாரோ 1930-ஆம் ஆண்டு இறுதிக்குள் செய்யப்பட்ட கார்களையே அப்பெயரால் குறித்தனர். அக்காலத்துக் கார்களில் அழகு மிக்கது 1924-இல் வெளிவந்த புகாட்டி 35 என்னும் கார். அதன் முன்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு உண்டு. அந்த அச்சை உள்ளீடற்றதாகச் செய்து, அதில் துளையிட்டுப் பட்டைவில்லை அத்துளைக்குள் நுழைத்திருந்தார்கள். கைத்திறனில் அதற்கு இணை காண்பது அரிது. எனினும் அமைப்பு என்னவோ நம் வில்வண்டியின் அமைப்புத்தான்: ஒரு கட்டை அச்சு, அதன் இரு முனையிலும் சக்கரம், மேலே பட்டைவில்.

இவ்வமைப்பின் குறை யாது? இரு சக்கரங்களும் ஒரே கட்டையில் பூட்டப்பட்டிருப்பதால், இடச் சக்கரம் மேட்டில் ஏறினால் வலச் சக்கரமும் சாயும். அச்சு முழுவதும் வில்லுக்குக் கீழே தொங்குவதால், குதிக்கும் பொருளின் எடை மிகுதி. எடை மிகுந்த பொருள் மேலே எறியப்பட்டால் அதனை விரைவாகக் கீழே கொண்டுவருதல் கடினம். அந்த நேரத்தில் டயர் தரையைத் தொடுவதில்லை. தரையைத் தொடாத டயர் வண்டியைத் திருப்பவும் உதவாது, நிறுத்தவும் உதவாது.

அன்றைய போட்டிக் கார்களின் விற்கள் மிகக் கடினமானவை. ஏன் அவற்றை மென்மையாகச் செய்யவில்லை? ஓட்டுபவர்கள் துன்பத்தை விரும்பினார்கள் என்பதன்று. பள்ளிச் சோதனை ஒன்று இதனை விளக்கும். சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அதன் அச்சை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒருவனை வேகமாகச் சுழற்றச் சொல்லுங்கள். பிறகு ஒரு கையை உயர்த்தி அச்சைச் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் நினையாத திசையில் அது திரும்பும். சுழலும் பம்பரத்தின் இயல்பு அது. கட்டை அச்சு ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் காரின் முன்சக்கரங்களும் இவ்வாறே தாமாகத் திரும்ப முயலும். வில் மென்மையாக இருந்தால் இந்த ஆட்டம் வளர்ந்து, ஸ்டீரிங் சக்கரம் ஓட்டுநர் கையில் நடுங்கத் தொடங்கும். அதனை அடக்க வேண்டியே வில்லை இறுக்கினார்கள். கடினம் என்பது அவர்கள் அறியாமையன்று. அவர்கள் கண்ட மருந்து.

மருந்துக்கும் ஒரு விலை உண்டு. அக்காலத்துக் கார்களின் சட்டம் ஏணியைப் போன்றது. இரு நீண்ட இரும்புகள், இடையே சில குறுக்குக் கட்டைகள். ஏணியின் எதிரெதிர் மூலைகளை இருவர் பிடித்துத் திருகினால் அது முறுகும் அல்லவா? வில் கடினமாக இருந்தபடியால் பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது வில் வளைவதற்கு மாறாகச் சட்டமே முறுகியது. சட்டம் தானும் ஒரு வில்லாகிவிட்டது. யாரும் கணக்கிடாத வில். அதிர்வை அடக்க அவர்கள் வைத்திருந்த கருவியும் எளியது. ஒன்றோடொன்று உராயும் வட்டுகளைத் திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். உராய்வின் குணம் உங்களுக்குத் தெரியும். நிற்கும் பொருளை அசைக்கத்தான் மிகுந்த விசை வேண்டும். ஆகவே சிறு மேடுகளில் அவ்வட்டுகள் அசையவே மாட்டா; அசையத் தொடங்கிய பின்போ தடை தளர்ந்துவிடும். எண்ணெயைச் சிறு துளை வழியே புகுத்தும் இக்காலத்து ஷாக் அப்சார்பர் இதற்கு மாறானது. மெல்ல அசைந்தால் மெல்லத் தடுக்கும். விரைந்து அசைந்தால் வலிந்து தடுக்கும்.

இனி மாற்றம் வந்த வழியைக் காண்போம். 1922-இல் இத்தாலியில் வெளிவந்த லான்சியா லாம்டா என்னும் காரில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கின; ஏணிச் சட்டத்தை நீக்கி, உடலையே சட்டமாக்கினார்கள். 1933-இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 380 என்னும் கார், ஒவ்வொரு முன்சக்கரத்திற்கும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு கைகளும் சுருள்வில்லும் கொண்டு வந்தது. சிறுவர்களின் உண்டிவில் கவட்டையைப் படுக்க வைத்தாற்போன்ற வடிவம் அக்கைகளுக்கு. 1934-இல் அமெரிக்கக் காடிலாக் கார்களிலும் தனிச் சக்கர அமைப்பு வந்தது. அதற்குப் பெரிதும் உழைத்தவர் மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர். கட்டை அச்சு நீங்கியதும் சைக்கிள் சக்கரச் சோதனையில் நீங்கள் கண்ட அந்த நடுக்கமும் நீங்கியது. நடுக்கம் நீங்கியதும் வில்லை மென்மையாக்கலாயிற்று. போட்டிக் கார்கள் சற்றுப் பின்தங்கியே வந்தன. எம்.ஜி. நிறுவனத்தார் 1945 முதல் 1949 வரை செய்த டி.சி. என்னும் சிறு காரில் கட்டை அச்சுத்தான். 1950-இல் வந்த டி.டி. காரிலேதான் முன்சக்கரங்கள் தனித்தன. 1948-இல் புகழ்பெற்ற ஜாகுவார் எக்ஸ்.கே. 120 என்னும் காரில் முன்புறம் கவட்டைக் கைகளும் முறுக்குத் தண்டும் இருந்தன. பின்புறத்தில் பழைய கட்டை அச்சே இருந்தது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அங்கே பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்தினர். இங்கிலாந்துப் போட்டிக் கார்களும், நம் நாட்டில் செய்த வீட்டுக் கார்களும் அங்கே ஓடின. நம் நாட்டுக் கார்களுள் ஒன்று நம் சென்னையிலேயே செய்யப்பட்டது. அதனைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1948-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் அமைந்தது. வண்டலூர்ப் பக்கத்தில் அதன் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அது செய்த கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்த அதே கார் அது. முன்புறம் கவட்டைக் கைகளும் சுருள்வில்லும் கொண்டது. சிறு சந்திலும் திரும்பவல்லது. அதன் தனிச்சிறப்புப் பின்புறத்தில் இருந்தது. அந்நாளில் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடர், பியட் ஆகியவற்றில் பின்புறம் கட்டை அச்சு. ஹெரால்டிலோ பின்சக்கரங்களும் தனித்தனியே ஆடின. நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியைச் சட்டத்தோடு இறுகப் பூட்டி, அதன் இரு பக்கமும் அரை அச்சுகளைக் கீல்போல் பொருத்தி, குறுக்கே ஒரே பட்டைவில்லை வைத்திருந்தார்கள். பறவை சிறகை அசைப்பதுபோல அரை அச்சுகள் மேலும் கீழும் அசையும். ஆதலின் இதனை ஆடும் அச்சு என்பர். 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் போட்டிக் காருக்கும் இதே பின்னமைப்புத்தான். போட்டிக் காரின் கால்கள் நம் ஊர் டாக்டர்களின் வீட்டுக் காருக்கும் வாய்த்திருந்தன என்று சொல்லலாம்.

ஆனால் 1972-இல் அதே சென்னைத் தொழிற்சாலை கெசல் என்னும் காரை வெளியிட்டபோது ஒரு வியப்பு நேர்ந்தது. அது ஹெரால்டின் வழிவந்த கார். எனினும் அதன் பின்புறத்தில் ஆடும் அச்சு இல்லை. கட்டை அச்சு திரும்பி வந்திருந்தது.

1990-ஆம் ஆண்டையொட்டி நான் நெடுஞ்சாலையோரப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை, பள்ளிக்கு அண்மையில் வேப்ப மரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கார்களைப் பழுது பார்த்து வந்தார். ஒரு நாள் அக்கொட்டகையில் பழைய ஹெரால்டு ஒன்றும் கெசல் ஒன்றும் அடுத்தடுத்து நின்றன. இது நல்ல வாய்ப்பு என்று கருதி மாணவர்களை அழைத்துச் சென்றேன். இரு கார்களின் பின்புறத்தையும் குனிந்து பார்க்கச் செய்தேன். “நான்கு சக்கரமும் தனித்தனியே ஆடும் இந்த ஹெரால்டுதான் உயர்ந்தது, மற்றது பழைய முறை” என்று விளக்கினேன். அருகில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அவன் தந்தை, “அது வளைவுல காலை மடக்கிடும் சார்” என்றார். நான் புன்னகை செய்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவன் எழுந்தான். “ஐயா, ஹெரால்டு உயர்ந்தது என்றீர்கள். கெசல் அதற்குப் பிறகு வந்தது என்றும் சொன்னீர்கள். உயர்ந்ததை ஏன் விட்டுவிட்டார்கள்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் சொன்ன விடை இது: “நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு அது பழக்கமில்லை. அவர்களுக்குப் புரியாததை அவர்கள் குறை சொன்னார்கள். ஆகையால் நிறுவனம் இறங்கி வந்தது.” வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவன் மெக்கானிக்கின் மகன் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது உண்மையாகாது. மறக்கவில்லை, பொருட்படுத்தவில்லை. அவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தான். அதன்பின் அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் விடையில் ஒரு பாதி உண்மை உண்டு. ஹெரால்டின் ஆடும் அச்சை நம் நாட்டு மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும் விரும்பவில்லை என்பது உண்மை. கட்டை அச்சு திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் விரும்பாததற்கு அறியாமையே காரணம் என்று நான் சேர்த்துச் சொன்னதுதான் தவறு. சில ஆண்டுகள் கழித்து நூலகத்தில் மோட்டார் வரலாறு பற்றிய நூலொன்றைப் படித்தபோது அத்தவறு எனக்கு விளங்கியது. ஆடும் அச்சைக் குறை கூறியவர்கள் நம் மெக்கானிக்குகள் மட்டும் அல்லர். அதனைச் செய்த இங்கிலாந்தாரே அதனைத் திருத்தியிருந்தார்கள்.

குறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அரை அச்சின் உள்முனையில் கீல், வெளிமுனையில் சக்கரம். சக்கரம் அச்சோடு செங்குத்தாக இறுகப் பூட்டப்பட்டது. ஆகவே சக்கரம் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் நேராக நிற்காது, சாயும். கார் வேகமாக ஒரு வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை, வெளிப்பக்கச் சக்கரத்தை உள்நோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளு விசை டயரின் அடியில், அதாவது கீலுக்குக் கீழே, செயல்படுகிறது. அதனால் அரை அச்சு ஊன்றுகோலைப் போல நின்று காரின் பின்புறத்தை மேலே தூக்கப் பார்க்கும். நடு வளைவில் ஓட்டுநர் அஞ்சி வேகத்தைக் குறைத்தால் பாரம் முன்னே சாய்ந்து பின்புறம் இன்னும் உயரும். பின்புறம் உயர உயரச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கும்; டயர் தன் விளிம்பில் நிற்கும்; பிடிப்புத் திடீரென்று போய்விடும். ஆங்கிலத்தில் பொறியாளர்கள் இதற்கு வழங்கும் தொடரைத் தமிழாக்கினால், ‘கீழே மடங்கி உட்புகுதல்’ என்று வரும். ‘காலை மடக்கிடும்’ என்று வேப்ப மரத்தடியில் கேட்ட சொல் அதனினும் தெளிவானது.

கட்டை அச்சோ வளைவில் இவ்வாறு செய்யாது. காரின் உடல் சாய்ந்தாலும் அச்சு சாலையோடு இணையாகவே இருக்கும். இரு டயர்களும் நேராக நிற்கும். மேடு பள்ளத்தில் அது முரடு. சமமான வளைவில் அது நம்பத் தக்கது.

இக்குறையால் இடர்ப்பட்டது ஹெரால்டு மட்டும் அன்று. 1954-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். என்னும் பெரும்புகழ் பெற்ற போட்டிக் காரிலும் ஆடும் அச்சே இருந்தது. 1957-இல் அதன் திறந்த வடிவத்தைச் செய்தபோது, இரு அரை அச்சுகளுக்கும் பொதுவாக ஒரே கீலை அமைத்து, அக்கீலைத் தாழ்த்தி வைத்தார்கள். 1960-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வெளிவந்த ஷெவ்ரலே கார்வேர் காரின் ஆடும் அச்சைக் கடுமையாகச் சாடி ரால்ஃப் நேடர் 1965-இல் நூல் எழுதினார். அவ்வாண்டுக் கார்வேரில் அவ்வமைப்பே மாற்றப்பட்டிருந்தது. ஸ்பிட்ஃபயரின் உறவான ட்ரையம்ஃப் ஜி.டி. 6 காரில் 1968-இல் சக்கரத்தின் கீழே கவட்டைக் கை ஒன்றைச் சேர்த்தார்கள். ஸ்பிட்ஃபயரிலோ 1970-இல் குறுக்குப் பட்டைவில்லைப் பூட்டும் முறையையே மாற்றினார்கள். அடிப்பட்டை ஒன்று மட்டும் இறுகப் பிடிக்கப்பட்டது. மற்றவை நடுவில் ஊஞ்சல்போல் ஆட விடப்பட்டன. அதனால் வளைவில் பின்புறத்தைத் தூக்கும் குணம் பெரிதும் தணிந்தது.

இங்கே எனக்குக் கீல்குதிரை நினைவுக்கு வருகிறது. கழுத்தின் கீலைக் கழுத்தில் வைத்ததால் அது குதிரை. அதனை ஒரு முழம் தள்ளி வைத்திருந்தால் அது வேறு ஏதோ ஒன்றாகியிருக்கும். ‘தனிச் சக்கரம் உயர்ந்தது, கட்டை அச்சு தாழ்ந்தது’ என்று நான் பாடம் நடத்தினேன். கீல் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்த மெக்கானிக் கேட்டிருந்தார். புத்தகத்தில் படித்துக் கேட்கவில்லை. பழுது பார்த்த கார்களைக் கண்டு கேட்டிருந்தார்.

இனி இக்காலத்து அமைப்பைச் சொல்லி ஒப்பிட்டு முடிக்கிறேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு, பழையதே நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டா. அதுவும் நான் செய்த பிழையின் மறுபக்கமே ஆகும்.

வெளியில் தடையின்றி இருக்கும் ஒரு திடப்பொருள் ஆறு வகையில் அசையலாம் என்பது உங்கள் பாடத்தில் உண்டு: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைப் பற்றித் திரும்பலாம். காரின் பின்சக்கரத்தைத் தாங்கும் உறுப்புக்கு வேண்டியது மேலும் கீழுமாகிய ஓர் அசைவு மட்டுமே. எனவே ஐந்து அசைவுகளைத் தடுக்க வேண்டும். ஒரு தண்டு ஓர் அசைவைத் தடுக்கும். ஐந்து தண்டுகளைப் பூட்டினால் ஓர் அசைவு எஞ்சும். 1982-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 190 காரின் பின்சக்கரங்கள் இவ்வாறே ஐந்து தண்டுகளால் தாங்கப்பட்டன. தண்டுகளின் நீளத்தையும் கீல்களின் இடத்தையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, சக்கரம் ஏறும்போது எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைப் பொறியாளர் தாமே முடிவு செய்யலாம். பந்தயக் கார்களில் இன்றும் மேலும் கீழுமாகிய கவட்டைக் கைகளே வழங்குகின்றன. வில்லும் ஷாக் அப்சார்பரும் காற்றைத் தடுக்காதபடி உடலுக்குள் மறைந்துள்ளன.

சட்டமும் வில்லும் தம் தொழிலை மாற்றிக்கொண்டதுதான் பழமைக்கும் புதுமைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. பழைய போட்டிக் காரில் வில் விறைப்பானது, சட்டம் வளைவது. இன்றைய காரில் சட்டம் விறைப்பானது, வில் வளைவது. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் இவ்வழியில் முன்னின்றவர். 1962-இல் அவர் செய்த லோட்டஸ் 25 என்னும் பந்தயக் காரில் ஏணியும் குழாயும் நீங்கி, உடலே உறுதியான கூடாயிற்று. வில் எவ்வளவு மென்மை என்பதை ஒரு கணக்கால் அறியலாம். நொடிக்கு ஒரு முறை ஆடும் வில், தன்மேல் அமர்ந்த காரின் எடையால் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும். நொடிக்கு இரு முறை ஆடும் வில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டரே அமுங்கியிருக்கும். வேகம் இரட்டித்தால் அமுங்கல் நான்கில் ஒரு பங்காகும். மென்மையான வில்லுக்கு இடம் மிகுதியாக வேண்டும். அதனை அடக்க நல்ல ஷாக் அப்சார்பரும் வேண்டும்.

இதற்கு அப்பாலும் சென்றார்கள். 1983-இல் லோட்டஸ் நிறுவனத்தார் வில்லின் வேலையை எண்ணெய் அழுத்தத்திடமும் கணிப்பொறியிடமும் ஒப்படைத்துப் பந்தயத்தில் ஓட்டினர். 1992-இல் வில்லியம்ஸ் அணி அத்தகைய காரால் உலகப் பட்டம் வென்றது. 1994-ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்கு அது விலக்கப்பட்டது. வீட்டுக் கார்களிலோ அவ்வழி வேறு உருவில் வளர்ந்தது. காந்தப் புலம் பட்டால் கெட்டியாகும் எண்ணெயை ஷாக் அப்சார்பரில் நிரப்பி 2002-இல் காடிலாக் கார்களில் பயன்படுத்தினர். உராயும் வட்டைத் திருகாணியால் இறுக்கிய காலத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வளர்ச்சியின் தொலைவு தெரியும்.

எனினும் இவை எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றே: டயரைத் தரையில் நேராக நிறுத்தி வைப்பது எப்படி? வில்வண்டித் தச்சன், புகாட்டி, ஆலி, சாப்மன், கணிப்பொறி ஆகிய அனைவரும் அந்த ஒரே கேள்விக்குத் தத்தம் கையில் இருந்ததைக் கொண்டு விடை எழுதினார்கள். எந்த விடைக்கும் மதிப்பெண் இடுமுன், அது எந்தச் சாலைக்கு, எந்த விலைக்கு, எவர் பழுது பார்ப்பதற்கு எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். 1972-இல் கெசலுக்குக் கட்டை அச்சு திரும்பியதில் எளிமையும் பழக்கமும் கலந்திருக்கலாம். ஆயினும் அதனை ‘இறங்கி வந்தது’ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு நான் அக்கொட்டகையைத் தேடிச் சென்றேன். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். வேப்ப மரமும் இல்லை, கொட்டகையும் இல்லை. அவர்கள் எங்கே சென்றார்கள் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே, நேரில் சொல்ல வேண்டியதை வானொலியில் சொல்லுகிறேன். தம்பி, உயர்ந்ததை ஏன் விட்டுவிட்டார்கள் என்று கேட்டாய். அது வளைவில் காலை மடக்கியது. உன் தந்தையார் சொன்னது சரி. வகுப்பில் அதனை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.